முதுகுவலிக்கு யார் சாட்சி?

தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே ஒரு முதுகுவலி இருந்தது. அது கிணற்றிலிருந்து வந்தது. பாறைகளுக்கு நடுவே ஊறி மேலேறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரைச் சிறுவயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அதைவிடப் பல மடங்கு கூடிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு அது எலும்பிலேயே படிந்துவிடும். மூட்டுகளைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் சுண்ணாம்பேறி, முதுகெலும்பு கணுக்கணுவாக இறுகி, கடைசியில் குனியவோ திரும்பவோ முடியாமல் போகும். சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கண்ட இந்த நோயை ஷார்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் 1937-இல் எழுதிவைத்தார்கள். நம் பக்கம் தீர்வு வருவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருப்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். ஜப்பானியக் கடன், ரூ.1,928 கோடிச் செலவு, 2008-இல் அடிக்கல், உடனே கர்நாடகத்திலிருந்து எதிர்ப்பு, 2013-இல் திறப்பு. மருத்துவர் அறையில் தீராத ஒரு முதுகுவலியைக் குழாய் போட்டுத் தீர்க்க முயன்ற கதை அது. ஏற்கெனவே எலும்பில் படிந்ததைக் காவிரி நீர் கரைக்காது. குழாய் அடுத்த தலைமுறைக்கானது.

அந்த வலிக்கு ஒரு காரணம் இருந்தது, அதை அளக்கவும் முடிந்தது. இன்று ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் சிகிச்சைக்கு வரும் முதுகுவலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதையொட்டி அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. இப்போது ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, கைப்பேசி உதிரிபாகம் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ். இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் அவர்களுக்குப் பொருள் கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். ஆலைகளுக்கு வெளியே கருங்கல் குவாரி, மாங்கூழ் ஆலை, ராயக்கோட்டை தக்காளி மண்டி, ரோஜாத் தோட்டம், சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் கூடும் இடத்தில் இரவு பகலாக ஓடும் லாரி. ஒவ்வொரு வேலையும் முதுகை வேறு வேறு விதமாகக் கேட்கிறது.

மூட்டை தூக்குகிறவனுக்குத்தான் முதுகு போகும் என்பது பாதி உண்மை. எவ்வளவு கனம் என்பதைவிட உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு திரும்பி, எத்தனை தடவை என்பவை முக்கியம். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இதற்கொரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. பொருள் உடம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருந்தால் அந்த 23 பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். அத்துடன் இடுப்பை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பி வைக்கவேண்டும் என்றால் எட்டு கிலோ சொச்சம். நிமிடத்துக்கு ஒன்று என்று எட்டு மணி நேரம் தூக்கினால் இன்னும் குறையும். பிரஸ் மெஷினுக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து வார்ப்பை எடுத்துக் கன்வேயரில் வைக்கும் ஒரு பையன் தூக்குவது பத்துக் கிலோ என்றால் யாரும் அதைக் கனம் என்று சொல்லமாட்டார்கள். கணக்கு வேறு சொல்கிறது.

கடிகாரம் கோக்கும் பெண் எதையும் தூக்குவதில்லை. அவள் கழுத்தும் தோள்பட்டையும் மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் நிற்கின்றன. அசையாமல் நிற்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், சோர்வு சேரும். லாரி ஓட்டுநருக்குத் தொல்லை வேறு. அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு நொடிக்கு நான்கைந்து அதிர்வு என்ற வீதத்தில்தான் அதிகம் குலுங்குகிறது. கனரக வண்டியின் இருக்கையில் வரும் அதிர்வும் ஏறக்குறைய அந்த வீதமே. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே இந்த அதிர்வுக்கு எட்டு மணி நேர வரம்பை விதித்துவிட்டது. இங்கே ஓட்டுநர் பத்து மணி நேரம் குலுங்கி வந்து இறங்கியதும் கிளீனர் இல்லாத நாளில் தார்ப்பாயையும் தானே அவிழ்க்கிறார்.

இத்தனை வேறுபட்ட உடல்கள் மருத்துவரிடம் போனதும் ஒரே வாக்கியத்தோடு திரும்பிவருகின்றன: ஜவ்வு விலகிடுச்சு. கையில் எம்ஆர்ஐ படம், அதில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று இடுப்புக் கணுக்களின் பெயர்.

அந்த ஜவ்வை, முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை, முதுகுவலிக்கும் கால் நரம்புவலிக்கும் குற்றவாளியாக நிறுத்தியது 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் எழுதிய ஒரு கட்டுரை. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தும், அதை எடுத்தால் கால்வலி தீரும் என்று அவர்கள் காட்டியது சரிதான். சிக்கல் அடுத்த அரை நூற்றாண்டில் வந்தது. நரம்பு அழுத்தமே இல்லாத வெறும் இடுப்புவலிக்கும் அதே குற்றவாளியைத் தேடினார்கள். எம்ஆர்ஐ வந்ததும் அவன் எல்லோரிடமும் அகப்பட்டான், வலி இல்லாதவர்களிடமும். 1994-இல் வலியே இல்லாத 98 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. 2015-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிந்தது. முகத்தில் விழும் சுருக்கம் போலத்தான் அதுவும். அதனால் வலிக்கவே வலிக்காது என்று சொல்ல வரவில்லை. படத்தில் இருப்பதால் மட்டுமே அதை வலியின் காரணமாக்க முடியாது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்தே உலகத்துக்குப் போன ஆய்வு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ்.ராஜசேகரன் குழுவினர் டிஸ்க் எப்படி உணவு பெறுகிறது, எங்கே கிழிகிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். டிஸ்க் பிதுங்கும்போது அதன் வெளிவளையம் கிழிவதைவிட அது எலும்போடு ஒட்டியிருக்கும் மூட்டுத்தட்டு பெயர்வதே அதிகம் என்று 181 பேரிடம் பார்த்துச் சொன்னார்கள். அதையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 2021-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு சோதனை. முதுகுவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ள தேய்வு, புடைப்பு, கிழிசல் எல்லாவற்றையும் அப்படியே விளக்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு, இது வயதோடு வரும் சாதாரண மாற்றம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், அறிக்கையைக் கேட்டவர்களுக்குப் பயம் கூடியிருந்தது, தன் முதுகின் மேல் நம்பிக்கை குறைந்திருந்தது. அறிக்கையின் வாசகத்தை மட்டும் மாற்றி எழுதியபோது அதைப் படித்த மருத்துவர்களே நோயைக் குறைவாக மதிப்பிட்டார்கள். சொல்லும் ஒரு மருந்துதான், தவறாகக் கொடுத்தால் பக்கவிளைவும் உண்டு.

இவ்வளவும் மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. 2018-இல் லான்செட் இதழ் முதுகுவலிக்கென்றே ஒரு கட்டுரை வரிசை வெளியிட்டது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி தந்தது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது, 2050-இல் அது 84.3 கோடியாகும் என்ற மதிப்பீடும் வந்தது. ஆபத்து அறிகுறி இல்லாத வலிக்கு முதலிலேயே படம் எடுக்காதீர்கள் என்று பெரும்பாலான வழிகாட்டிகள் ஒரே குரலில் சொல்கின்றன. ஆனாலும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் குறையவில்லை. ஸ்கேன் மையங்களின் வியாபாரம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல.

முதல் காரணம் மொழி. முதுகுவலியில் பெரும்பங்கு கண்டுபிடிப்பு பேச்சில் நடக்கவேண்டும். எப்போது வலிக்கிறது, காலையிலா, ஷிப்ட் முடிவிலா, இருமினால் காலுக்கு இறங்குகிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா என்று கேட்கவேண்டும். ஓசூர் மருத்துவர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கேட்பார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவனுக்கு அந்த மூன்றும் போதாது. படத்துக்கு மொழி வேண்டாம்.

இரண்டாவது காரணம் சூப்பர்வைசர். முதுகுவலிக்கு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை. கேட்கிறவர் நம்பினால்தான் அந்த வலி இருக்கிறது. லீவு கேட்கும் தொழிலாளிக்கு, குறிப்பாகக் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு, உறையில் போட்டுக் கொண்டுபோகும் கறுப்புப் படம்தான் சாட்சி.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். நம் சட்டமும் காப்பீடும் நோயின் பெயரைக் கேட்கின்றன. மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீடு உண்டு. ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அதற்கு மேலும் நீட்டிக்கவேண்டும் என்றால் 34 நீண்டகால நோய்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் டிஸ்க் பிதுக்கம் உண்டு, வெறும் முதுகுவலி இல்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டுப் பணியில் இருந்தவருக்கு, பட்டியலில் பெயர் இருந்தால் 80 விழுக்காடு கூலியோடு உதவி நீளும். ஆக, படத்தில் டிஸ்க் என்று வருவது தொழிலாளிக்கு நோய்ச் செய்தியாக மட்டும் வருவதில்லை, காசோலையாகவும் வருகிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வலி உண்மை, சட்டம் கேட்கும் பெயர்தான் குறுகலானது. இன்னொரு பக்கம், 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோய்கள் 29 இருந்தன. ஈயம், பாதரசம், சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் இருந்தன, முதுகு இல்லை. ஆலையில் எத்தனை முதுகுகள் போனாலும் அது யாருடைய கணக்கிலும் ஏறாது. தனித்தனிப் படங்களாக வீட்டு அலமாரிகளில் கிடக்கும்.

சரி, வலி வந்தவர் என்ன செய்வது? பதில் சலிப்பூட்டும் அளவுக்கு எளிமை. பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் தணியும். படுத்தே கிடக்கவேண்டாம். 1995-இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் செய்த சோதனையில், படுக்கையில் கிடந்தவர்களைவிடவும் உடற்பயிற்சி செய்தவர்களைவிடவும் முடிந்தவரை அன்றாட வேலையைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். பாராசிட்டமால் திடீர் இடுப்புவலியைச் சீக்கிரம் குணப்படுத்துவதில்லை என்று 2014-இலும், ஓபியாய்டு மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று 2023-இலும் ஆஸ்திரேலியச் சோதனைகள் காட்டின. வலி மறுபடி வராமல் தள்ளிப்போடுவதில் நடை நன்றாக வேலை செய்கிறது. 2024-இல் வெளிவந்த, 701 பேரிடம் நடந்த ஆய்வில், படிப்படியாகக் கூட்டி நடந்தவர்களுக்கு அடுத்த வலி வர, இடைநிலை அளவில், 208 நாளானது, மற்றவர்களுக்கு 112 நாள். இடுப்பு பெல்ட் வலி தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. டிராக்ஷன், விதவிதமான மின்சிகிச்சை ஆகியவற்றையும் அந்த வரிசையில் சேர்த்துவிடலாம்.

ஒத்தடம், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், வர்மம் என்று நம் ஆட்கள் போவதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. தொட்டு, கேட்டு, நாளைக்கு வா என்று சொல்கிற ஒருவர் அங்கே இருக்கிறார். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் அது கிடைப்பதில்லை. எச்சரிக்கை ஒன்று மட்டும்: பெயர் இல்லாத பொட்டலப் பொடி வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி மாயமாக மறையும், எலும்பு உள்ளே பொடியும்.

அறுவைச் சிகிச்சை? டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலி வாரக்கணக்கில் தீராதவருக்கு அது நல்ல வழி. நெதர்லாந்தில் 2007-இல் வெளிவந்த சோதனை இதைத் தெளிவாக்கியது. சீக்கிரம் அறுத்துக்கொண்டவர்களுக்குக் காத்திருந்தவர்களைவிடக் கால்வலி விரைவாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். முழுக்கப் பிய்ந்து வெளியே வந்த டிஸ்க் துண்டுகளைத்தான் உடம்பு அதிகம் தானே கரைத்துக்கொள்கிறது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. ஆக, அறுவை என்பது ஒருவருடைய வாழ்க்கையின் அவசரத்தைப் பொறுத்த முடிவு. கூலி நின்றுபோன ஆள் சீக்கிரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

படம் உடனே எடுத்தே தீரவேண்டிய முதுகுகளும் உண்டு. இத்தனை நேரம் படத்தைக் குறைத்துப் பேசிவிட்டதால் இதை அழுத்திச் சொல்லவேண்டும். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், சிறுநீர் இறங்காமலோ தன்னறியாமல் போயோ, இரண்டு காலும் தளர்ந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. காய்ச்சல், எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர், விழுந்து அடிபட்டவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் ஆகியோரின் வலியையும் காத்திருந்து பார்க்கக்கூடாது. முப்பது வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்து, நடந்தால் தளரும் வலி முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். அதற்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஓய்வு எடுத்தால் இந்த வலி கூடும். ஃபுளோரைடு ஊரில் வளர்ந்தவரின் இறுகிய முதுகையும் மறக்கக்கூடாது.

இங்கே காசநோயைத் தனியாகச் சொல்லவேண்டும். நெருக்கமான விடுதி அறை, ஷிப்ட், அரைகுறைச் சாப்பாடு என்று இருக்கும் தொழிலாளர் கூட்டத்தில் முதுகெலும்புக் காசநோய் ராத்திரி வலியாக, லேசான மாலைக் காய்ச்சலாக ஒளிந்திருக்கும். அதை மாதக்கணக்கில் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் கால் போய்விடும். இதில் சென்னைக்குப் பெருமை உண்டு. முதுகெலும்புக் காசநோயாளியை ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கட்டிப்போட்ட காலத்தை மாற்றிய ஆய்வுகளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் சோதனையும் ஒன்று. நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டவர்களையும் பெரிய அறுவை செய்துகொண்டவர்களையும் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து, நடமாடியவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை என்று 1999-இல் அறிவித்தது. கொரியா, ஹாங்காங் ஆய்வுகளோடு சேர்ந்து இதுவும் உலகப் பாடமானது.

இனி ஆலைக்குள் வருவோம். குனியும்போது முழங்காலை மடக்கு என்று சுவரில் ஒட்டியிருக்கும் படத்தால் பெரிய பயன் இல்லை. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்பது தொகுப்பாய்வுகளின் முடிவு. மேசையின் உயரம், தட்டின் தூரம், ஏற்றும் இயந்திரம், ஷிப்டின் நீளம் ஆகியவை மாறினால்தான் முதுகின் பாரம் மாறும். சட்டத்தில் விதை இல்லாமலும் இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அளவுக்கு மீறிய எடையைத் தூக்கவைப்பதைத் தடுத்தது. நின்று வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது 44-ஆம் பிரிவு. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-இல்தான் தந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது 1948-லிருந்து ஏட்டில் இருக்கிறது. எடை வரம்பு பற்றிய 1967-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2010-இல் ஏற்றது. அதன் பரிந்துரை ஆணுக்கு 55 கிலோ. சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. அந்தப் பரிந்துரைப்படி அதைத் தூக்கலாம்! 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டபோது பேச்சு முழுக்கக் கூலியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும்தான் இருந்தது. முதுகுக்கு அந்த நான்கு மணி நேரம் என்ன செய்யும் என்று மன்றத்திலும் வெளியிலும் யாரும் அதிகம் கேட்கவில்லை.

மனத்தையும் விடமுடியாது. 1991-இல் வெளிவந்த போயிங் விமான ஆலை ஆய்வில் 3,020 ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தன் வேலையில் பிடிப்பே இல்லை என்று சொன்னவர்கள் முதுகுக் காயம் என்று பதிவு செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது. வலி கற்பனை என்பதற்கு இது சான்று ஆகாது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவனின் நரம்பு மண்டலம் எப்போதும் விழித்தே இருக்கிறது, அதே தூண்டுதலை அது பெரிதாகக் கேட்கிறது.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. பணியிடங்களுக்கு அதைக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முன்னுக்கு வந்தன. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அந்தக் குழுவோடு ஆலைக்குள் ஒரு ஷிப்ட் நின்று பார்த்தால், பத்துப் படங்கள் சொல்லாததை அந்த ஒரு மேசையின் உயரம் சொல்லிவிடும்.

கடைசி முடிச்சு சான்றிதழில் இருக்கிறது. ஈஎஸ்ஐ சான்றிதழுக்கு இரண்டு நிலைதான் தெரியும்: ஓய்வு தேவை, வேலைக்குத் தகுதி. முதுகு அப்படி இரண்டாகப் பிரிவதில்லை. பிரிட்டன் 2010 ஏப்ரலில் தன் மருத்துவச் சான்றிதழை மாற்றியது. வேலையில் இன்னின்ன மாறுதல் செய்தால் இவர் வரலாம் என்று மருத்துவர் எழுத அதில் இடம் இருக்கிறது. இங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு, சங்கம் இருக்கும் ஆலையில், லைட் டியூட்டி பேசி வாங்கலாம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அப்படி ஒரு வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படுவதில்லை. முடியாது என்றால் விடுதியிலிருந்து நாளைக்கு இன்னொருவர் வருவார். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கேன்டீனும் ஓய்வறையும் முதலுதவியும் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தரவேண்டும் என்றது. அந்த வரிசையில் ஆறு வார இலகுப் பணி என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புது மருத்துவம் எதுவும் தேவையில்லை. தரச் சோதனை, லேபிள் ஒட்டுவது, உதிரிபாகம் எண்ணுவது என்று கனம் குறைந்த மேசைகள் அந்த ஆலைகளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.